வயிறும் வாழ்வும் – 14: மூன்று மில்லிமீட்டர்

பொள்ளாச்சியிலிருந்தும் பழனியிலிருந்தும் வந்து உக்கடத்தில் இறங்குகிறவர்களில் வைத்தியத்துக்கென்றே கோயம்புத்தூர் வருகிறவர்கள் அநேகர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், லாப்ராஸ்கோபி சஸ்திர சிகிச்சையில் தேசமெங்கும் பெயர் பெற்ற டாக்டர் சி. பழனிவேலு ராமநாதபுரத்தில் நிறுவிய ஜெம் மருத்துவமனையும் அங்கிருந்து சில மைல் தொலைவிலேயே இருக்கின்றன. அவர்களுள் பெருங்குடல் அழற்சியால் வருந்துகிறவரின் பிரயாணம் தனிப்பட்ட கொடுமை. வால்பாறைக்காரரானால், ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கழிப்பறை இல்லாத பேருந்தில் கடந்து, ‘எங்கே இறங்க நேருமோ’ என்ற அச்சத்தோடேயே வர வேண்டும்.

மருந்துக்கு அடங்காத நோயாளிக்குப் பெருங்குடலையும் மலக்குடலையும் அகற்றி, சிறுகுடலின் கடைப்பகுதியை மடித்துப் பையாகத் தைத்து ஆசனவாயோடு இணைக்கும் முறையைச் சென்ற வாரம் விவரித்தேன். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸும் ஜான் நிக்கல்ஸும் 1978-ல் வெளியிட்ட முறை அது. வியாதிக்கு இருப்பிடமான அவயவமே போய்விட்டபின் வியாதி ஏது என்று நினைப்பது இயல்பு. ஆனால் புதிதாகத் தைத்த அந்தப் பையிலும் அழற்சி தோன்றுகிறது. இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒரு முறையேனும் அதற்கு ஆளாகிறார்கள். வயிற்றை முறுக்குவதும், அடிக்கடி போவதும், அடக்க முடியாத அவசரமும் அதன் அடையாளங்கள். எனினும் இணைப்பு சுருங்கிப்போனாலும், அழற்சி சிறிதுமின்றிப் பை சும்மா சிணுங்கினாலும் இதே அடையாளங்கள்தாம் தோன்றுவதால், கண்ணால் காணாமல் ஆண்டிபயாடிக் கொடுப்பது பல வேளைகளில் வீண் சிகிச்சையாக முடிகிறது.

கண்ணால் காண்பதற்கு எண்டோஸ்கோபி உண்டு. திசுத் துணுக்கு எடுத்துச் சோதிக்கவும் அதுவே வழி. ஆயினும் ஒவ்வொரு முறையும் எனிமா கொடுத்துக் குழாயைச் செலுத்துவதை எவர் விரும்புவார்? ‘மறுபடியும் குழாய் விட்டுப் பாக்கணுங்களா?’ என்று நோயாளி கேட்கும்போது, அந்தக் கேள்வியில் உள்ள களைப்பை வைத்தியர்கள் அலட்சியம் செய்யலாகாது. சி.டி. ஸ்கேனோ கதிர்வீச்சோடு வருவது. இந்நோயாளிகளில் பலர் இளவயதினராதலால், ஆயுள் முழுதும் கண்காணிப்புக்கு அதை நம்புவது உசிதமன்று.

இவ்விடத்தில்தான் அல்ட்ராசவுண்ட் உதவிக்கு வருகிறது. கிளாஸ்கோவில் இயான் டொனால்டும் அவருடைய சகாக்களும் வயிற்றுக் கட்டிகளை ஒலியலைகளால் ஆராய்ந்து 1958-ல் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதிய காலத்தில், காற்று நிறைந்த குடல் இந்தக் கருவிக்குத் தடையாகவே எண்ணப்பட்டது. இன்றோ, நுண்ணிய அலைகளை விடும் ஆய்வுமுனையால் குடற்சுவரின் அடுக்குகளையே தனித்தனியே பிரித்துக் காண முடிகிறது. ஆரோக்கியமான குடற்சுவரின் கனம் பொதுவாக 3 மில்லிமீட்டருக்கு மேற்படாது. அழற்சி கண்டால் சுவர் தடிக்கும், அடுக்குகள் கலங்கும், சுவருக்குள் இரத்த ஓட்டம் மிகுவதை டாப்ளர் நிறம் காட்டும், சுற்றியுள்ள கொழுப்பு வெளுத்துத் தோன்றும். தைத்த பை இடுப்பெலும்புக் கூட்டின் ஆழத்தில் இருப்பதால் அடிவயிற்றின் வழியே பார்ப்பது சற்றுச் சிரமம். அப்போது ஆசனவாய்க்கு முன்னுள்ள தோலின் மீது முனையை வைத்துப் பார்க்கிறார்கள். 3 மில்லிமீட்டருக்கு உட்பட்ட பைச்சுவர் ஆறுதல் தருவது; 4-ஐத் தொட்டால் சந்தேகம் வலுக்கிறது. பருத்த உடலிலும் வாயு மிகுந்த வயிற்றிலும் படம் தெளிவாக அமையாது. பார்ப்பவரின் பயிற்சியையும் பொறுத்தது அது. சந்தேகம் எழுந்தபின் எண்டோஸ்கோபி தேவைதான். ஆனால் சந்தேகம் உண்டா இல்லையா என்று அறிவதற்கே நோயாளியை ஒவ்வொரு முறையும் வருத்த வேண்டியதில்லை.

ஜெர்மனியிலும் இத்தாலியிலும் குடல் வைத்தியரே நோயாளியோடு பேசிக்கொண்டு இந்த முனையை வைத்துப் பார்த்துவிடுகிறார். நம் நாட்டில் அது எளிதன்று. கருவின் பாலறிவதைத் தடுக்க 1994-ல் இயற்றிய சட்டத்தின்படி ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் பதிவாக வேண்டும், இயக்குகிறவருக்குரிய தகுதியும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. சேலத்திலும் தர்மபுரியிலும் பெண் சிசுக்களுக்கு நேர்ந்ததை அறிந்த எவரும் அச்சட்டத்தைத் தளர்த்தச் சொல்ல மாட்டார், நானும் சொல்லேன். சட்டம் ஒரு சுற்று அதிகமாக்குகிறது, அவ்வளவே. மெய்யான குறை வேறிடத்தில் இருக்கிறது. பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் ஸ்கேன் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே கல்லீரலையும் பித்தப்பையையும் சிறுநீரகத்தையும் அளந்து எழுதுகிறவர்கள், குடலைக் குறித்து ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். அளக்கும்படி வைத்தியர் சீட்டில் எழுதுவதில்லை, எழுதாததால் அளப்பதில்லை, அளக்காததால் பழக்கமும் ஏற்படுவதில்லை. கருவிக்குப் பஞ்சமில்லாத கொங்கு நாட்டில், பயிற்சியின்மையால் ஒருவர் மலையிறங்கி நகரம் வரை வர நேர்வதை நான் அநியாயம் என்றே சொல்வேன். மருத்துவக் கல்லூரிகள் ஸ்கேன் வைத்தியர்களுக்குக் குடற்சுவரை அளக்கும் பயிற்சியைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருக்கும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உடல் நலமாயிருக்கும்போதே ஒரு தடவை பைச்சுவரை அளந்து, அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளலாமா என்று உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். பின்னால் தொந்தரவு வரும்போது ஒப்பிட அதுவே ஆதாரம். ஸ்கேனுக்குப் போகையில் ஆபரேஷன் விவரச் சீட்டைத் தவறாமல் கொண்டுபோங்கள். பை இருப்பதே தெரியாதவர் அதைத் தேடமாட்டார். இரத்தம் போனாலோ, காய்ச்சல் கண்டாலோ, வயிறு உப்பி மலமும் வாயுவும் நின்றுபோனாலோ, ஸ்கேன் நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.