முடி கொட்டுதா? பாட்டில் வாங்கும் முன் லேபிளைப் படிங்க!

விக்கிரமங்கலம்:

சீப்பை எடுத்தாலே கொத்துக் கொத்தா முடி வருது என்ற புலம்பல், அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலம் பக்கத்திலும் சகஜம். உடனே கடைக்கு ஓடி விளம்பரத்தில் வந்த எண்ணெயை வாங்கினால் காசுதான் கரையும்.

தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்புதான். பிரசவம், கடும் காய்ச்சலுக்குப் பிறகு 2, 3 மாதத்தில் அதிகமாகக் கொட்டும். பெரும்பாலும் தானாகவே மறுபடி வளர்ந்துவிடும்.

தேங்காய் எண்ணெய்: முடியில் உள்ள புரதம் வீணாவதைக் குறைக்கும் என 2003-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. முடி உடையாமல் காக்கும். ஆனால் வழுக்கையில் முடி முளைக்க வைக்காது.

மினாக்சிடில்: பரம்பரையாக முடி மெலிபவர்களுக்குப் பலன் தரும் மருந்து. ரத்த அழுத்த மாத்திரையாக வந்த இதை, தலையில் தடவ 1988-ல் அமெரிக்கா அனுமதித்தது. முதலில் கூடுதலாகக் கொட்டும், பயப்பட வேண்டாம். பலன் தெரிய 4 மாதமாவது ஆகும். நிறுத்தினால் பழைய கதைதான். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தொடவே கூடாது.

பயோட்டின் மாத்திரை: சத்துக்குறைவு இல்லாதவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. தைராய்டு, இதய ரத்தப் பரிசோதனை முடிவுகளையே தப்பாகக் காட்டிவிடலாம். சாப்பிட்டு வந்தால் டாக்டரிடம் மறைக்காதீங்க.

ரத்தசோகை, தைராய்டு கோளாறு இருந்தாலும் முடி கொட்டும். அதற்கு எந்த எண்ணெய் தேய்த்தும் பலன் இல்லை. எனவே பாட்டிலுக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, காரணத்தைத் தெரிந்துகொண்டு அப்புறம் வாங்குங்க.