பீரோ சாவியும் பாஸ்வேர்டும்

நான் ஆசிரியையாகச் சேர்ந்தபோது எங்கள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் அதிகாரம் மொத்தமும் ஓர் இரும்பு பீரோவுக்குள் இருந்தது. உள்ளே சேர்க்கைப் பதிவேடு. பிள்ளை பிறந்த தேதி, அப்பா பெயர், சாதி, சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் அதில் ஒரே வரி. அந்த வரியைப் பார்த்துத்தான் மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி., எழுத முடியும். சாவி தலைமையாசிரியரின் சட்டைப் பையில். அவர் விடுப்பில் போனால் டி.சி.யும் விடுப்பில் போய்விடும்.

அந்தப் பதிவேடு பொய்யே சொல்லாது என்று நினைத்துவிட வேண்டாம். தலைக்கு மேல் கையைச் சுற்றி மறுபக்கத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது. பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்கு மே, ஜூன் மாதத்தில் ஒரு நாளை எச்.எம். போட்டுவிடுவார். எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் கோடையில் பிறந்தது அப்படித்தான். இன்னொரு கணக்கும் உண்டு. தொடக்கப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் என்பதை ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்து நிர்ணயிப்பார்கள். 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர். அதைத் தாண்டினால் மூன்றாமவர். எண்ணிக்கை விளிம்பில் நிற்கும் பள்ளியில், பக்கத்து ஊர் நர்சரியில் படிக்கும் பிள்ளையின் பெயர் ஜூலை மாதம் இங்கேயும் ஏறும். யாரும் பெரிதாக வெட்கப்பட்டதில்லை.

இப்போது அந்த வரி கணினிக்குப் போய்விட்டது. கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை என்பது முழுப்பெயர். ஆசிரியர்கள் வாயில் அது 'எமிஸ்'. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி எதில் படித்தாலும் பிள்ளைக்கு ஓர் எண். பள்ளிக்கும் எண் உண்டு. அது யு-டைஸ் குறியீடு, 11 இலக்கம்: மாநிலத்துக்கு இரண்டு (தமிழ்நாடு என்றால் 33), மாவட்டத்துக்கு இரண்டு, ஒன்றியத்துக்கு இரண்டு, ஊருக்கு மூன்று, பள்ளிக்கு இரண்டு. பிள்ளை ஊர் மாறினாலும் அதன் எண் கூடவே போகும். ஒரே பிள்ளை இரண்டு பள்ளிக் கணக்கில் இருப்பது கடினமாகிவிட்டதால் ஜூலை மாதத்து விருந்தாளிகள் குறைந்துபோனார்கள்.

என்னைக் கேட்டால், இதில் உருப்படியான விஷயம் 'காமன் பூல்'தான். ஒரு பள்ளி டி.சி. கொடுத்ததும் பிள்ளையின் பதிவு அந்தப் பள்ளியை விட்டு நீங்கி இந்தப் பொதுத் தொகுப்பில் வந்து நிற்கும். அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்ளும். எடுக்க ஆள் வராவிட்டால் பெயர் அங்கேயே நிற்கும். பழைய பதிவேட்டில் விலகிய நாளை எழுதிச் சிவப்பு மையில் கோடு போட்டால் எங்கள் கடமை தீர்ந்தது. பிள்ளை அடுத்த பள்ளிக்குப் போனதா, பனியன் கம்பெனிக்குப் போனதா, யாருக்குத் தெரியும்? இப்போது வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து பட்டியல் வருகிறது: இன்னின்ன பெயர்கள் தொகுப்பில் நிற்கின்றன, வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்கள் பக்கம், பொங்கல் முடிந்ததும் சில தெருக்கள் காலியாகும். குடும்பத்தோடு திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போவார்கள். மழை பிடிப்பதற்குள் திரும்புவார்கள். பிள்ளையை ஏன் விடுவிக்கிறாய் என்று கேட்டு மென்பொருள் ஒரு பட்டியலை நீட்டும். பெற்றோர் விருப்பம், நீண்ட நாள் வராதது, கடைசி வகுப்பு முடித்தது, இறப்பு, இரட்டைப் பதிவு. சூளைக்குப் போனது எதில் சேர்த்தி? 'நீண்ட நாள் வராதது' என்றால் இடைநின்ற பிள்ளை ஆகிவிடும். விடுவிக்காமல் வைத்திருந்தால் சூளைப் பக்கத்துப் பள்ளியால் சேர்க்க முடியாது. அந்தப் பள்ளி எச்.எம்.மை போனில் பிடித்து, "சார், இன்னைக்கு ரிலீஸ் பண்றேன், நாளைக்கே எடுத்துக்குங்க, ஜூன்ல திருப்பி அனுப்பிடுங்க" என்று பேசி முடித்த பிறகுதான் பொத்தானை அழுத்துவேன். இந்த போன் பேச்சைப் பற்றி எந்தச் சுற்றறிக்கையிலும் ஒரு சொல் கிடையாது.

பீரோ போனதே தவிர பூட்டு போகவில்லை. கொரோனாவுக்குப் பிறகு தனியார் பள்ளிகளிலிருந்து நிறையப் பிள்ளைகள் எங்களிடம் வந்தார்கள். ஓர் அம்மா வந்து நின்றார்.

"டீச்சர், பையன் பேரை அந்த ஸ்கூல்ல விட மாட்டேங்கறாங்க. பாக்கியக் கட்டிட்டு வாங்கங்கறாங்க."

"நீ பையனை நாளைக்கு அனுப்பிவைம்மா. பேரு பின்னாடி வரட்டும்."

டி.சி. வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அதனால் பையன் வகுப்பில் உட்கார்ந்தான், சத்துணவும் சாப்பிட்டான். ஆனால் எமிஸில் எங்கள் பள்ளிப் பிள்ளை ஆகவில்லை. சீருடை, காலணி, நோட்டு எல்லாவற்றுக்கும் கணக்கு அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். பழைய பள்ளிக்குக் கோரிக்கை அனுப்ப வழி இருக்கிறது. அவர்கள் கண்டுகொள்ளாவிட்டால் மேலதிகாரியிடம் போய் நிற்க வேண்டும். டி.சி. கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல, பாக்கி இருக்கிறது என்று அதில் எழுதக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அது திரையில் இருக்கும் பொத்தானுக்கும் பொருந்தும் என்பதைச் சில தாளாளர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வரிக்கு இன்று பண மதிப்பும் வந்துவிட்டது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2020இலிருந்து. அப்படிப் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024இல். முன்பெல்லாம் படித்த பள்ளி ஒவ்வொன்றுக்கும் நடந்து சான்று வாங்க வேண்டும். இப்போது கல்லூரிகளுக்கு 'யுமிஸ்' என்று தனி மென்பொருள் இருக்கிறது. பள்ளிக்கால எமிஸ் எண் அங்கே கைகொடுக்கிறது. நடுவில் ஒரு வருடம் பதிவு விட்டுப்போன பெண் மட்டும் இன்னும் பழைய எச்.எம்.மைத் தேடி அலைகிறாள்.

எரிச்சல்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரே விவரத்தை மாநிலத்துக்கு எமிஸிலும், ஒன்றிய அரசுக்கு யு-டைஸ் பிளஸிலும் ஏற்ற வேண்டும். இங்கே ஓர் எண், அங்கே ஓர் எண், போதாதென்று 'அபார்' அடையாள எண். ஆதாரில் முன்னெழுத்து பெயருக்குப் பின்னால், பள்ளியில் முன்னால்; அதற்கே அபார் எண் உருவாகாமல் நின்றுவிடும். பகலில் சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும், நான் வகுப்பை விட்டுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சாவியாவது ஒருவரிடம்தான் இருந்தது. பாஸ்வேர்டை நான் பல பள்ளிகளில் எச்.எம். மேசைக் கண்ணாடிக்கு அடியில் பார்த்திருக்கிறேன். பிரவுசிங் சென்டர் பையனுக்கும் அது மனப்பாடம். உள்ளே இருப்பதோ சாதி, ஆதார், வங்கிக் கணக்கு, இரத்தப் பிரிவு, வீட்டு வருமானம். வட அமெரிக்காவில் ஏராளமான பள்ளிகள் பவர்ஸ்கூல் என்ற நிறுவனத்தின் மென்பொருளில் மாணவர் விவரங்களை வைத்திருக்கின்றன. 2024 டிசம்பரில் அங்கிருந்து கோடிக்கணக்கானோரின் விவரங்கள் திருடுபோயின. நுழையப் பயன்பட்டது ஒரு திருட்டுப் பாஸ்வேர்டு. நிறுவனம் பணயப் பணமும் கொடுத்தது. 2025இல் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் 19 வயதுக் கல்லூரி மாணவர். நம் ஊர்ப் பள்ளிக்கு வர அவருக்கு அவ்வளவு சிரமம்கூட இருந்திருக்காது.

பெற்றோருக்கு ஒன்று. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் பெயர்ப்பட்டியல் எமிஸ் விவரங்களை வைத்துத்தான் தயாராகிறது. அதிலிருப்பதே சான்றிதழில் அச்சாகும். அந்தப் பிறந்த தேதிதான் ஆயுளுக்கும். ஆகவே பிள்ளை ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதே பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர், முன்னெழுத்து, தேதி, கைபேசி எண் நான்கையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். அச்சான பிறகு திருத்துவதென்றால் தேர்வுகள் இயக்ககம் வரை மனு போக வேண்டும். "இப்ப நேரமில்லம்மா, சர்வர் வேற ஸ்லோ" என்று எச்.எம். சொல்வார். பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். மறுநாள் காலை எட்டரைக்குப் போய் நில்லுங்கள்; அந்நேரம் சர்வர் வேகமாக இருக்கும்.