கள்ளியைத் தின்ற சாயப்பூச்சி

சப்பாத்திக்கள்ளி மடலில் வெள்ளை மெழுகைப் போர்த்திக்கொண்டு ஒட்டியிருக்கும் பூச்சியை நசுக்கினால் விரல் சிவந்துவிடும். எறும்பு போன்ற எதிரிகளை விரட்டப் பூச்சி தன் உடலில் சேர்த்துவைக்கும் கார்மினிக் அமிலம்தான் அந்தச் சிவப்பு. மெக்சிகோவின் வஹாக்கா பகுதி மக்கள் இதை வளர்த்து, பெண் பூச்சிகளைக் காயவைத்து அரைத்துச் சாயம் எடுத்தார்கள். கொச்சினீல் என்று உலகம் அறிந்த சரக்கு அதுதான். ஒரு பவுண்டுக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும்.

பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்கும் இதுதான் சாயம்; வியாபாரமோ ஸ்பெயினின் கையில். அதை உடைக்க மதராஸில் முனைந்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1786-இல் இங்கேயே புல்லில் ஒரு சிவப்புப் பூச்சியைக் கண்டு, லண்டனிலிருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். அது சாயத்துக்கு உதவவில்லை. மனிதர் அசரவில்லை. சைதாப்பேட்டையில் கம்பெனி செலவில் கள்ளித் தோட்டமே எழுந்தது, பூச்சி வருவதற்கு முன்பே! எருமை வாங்குமுன் நெய்க்கு விலை பேசிய கதைதான்.

1795-இல் கேப்டன் நீல்சன் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி கொண்டுவந்தார். கொண்டாட்டம் நீடிக்கவில்லை. வந்தது வஹாக்காவின் வளர்ப்புப் பூச்சி அல்ல. அதன் காட்டு உறவு. உடல் சிறியது, பஞ்சு போன்ற மெழுகு அதிகம், சாயம் குறைவு. சாப்பாட்டிலும் பிடிவாதம்: ஒரே ஒரு கள்ளி வகையைத்தான் தின்னும்.

சாயத்துக்குத் தோற்ற பூச்சியின் அந்தப் பிடிவாதம் வேறு வேலைக்கு உதவியது. வேலிக்கென்று நட்ட கள்ளி புதராய்ப் பரவி நிலங்களை விழுங்கிக்கொண்டிருந்தது. 1860-களில் தென்னிந்தியாவில் இதே பூச்சியை வேண்டுமென்றே அதன்மேல் விட்டார்கள். களையை ஒழிக்கப் பூச்சியைத் திட்டமிட்டு ஏவி வென்ற முதல் முயற்சியாக அறிவியல் நூல்கள் இதைக் குறிக்கின்றன. இலங்கைக்கும் இதே வைத்தியம் போனது.

ஆனால் மஞ்சள் பூ பூக்கும் இன்னொரு கள்ளியை இது சீண்டவில்லை. அதற்காக 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் இனம் வந்தது. சில ஆண்டுகளிலேயே சுமார் 40,000 ஹெக்டேர் கள்ளிக்காடு அழிந்தது.

சாயக் கொச்சினீலை இன்று அதிகம் விளைவிப்பது பெரு நாடுதான். உதட்டுச் சாயத்திலும் அது உண்டு; தயிர் பானங்களில் 'இ120' என்ற எண்ணில் ஒளிந்திருக்கிறது. எத்தியோப்பியாவின் டிக்ரேயில் 2000-களின் தொடக்கத்தில் சாயத்துக்காகக் கொண்டுபோன அதே பூச்சி, கட்டு மீறிக் கள்ளிக்காடுகளுக்குள் புகுந்தது. அங்கே கள்ளி களை அல்ல. பழம் மக்களுக்கு உணவு, மடல் மாட்டுக்குத் தீவனம்.