மாடியிலே சூரியன், அடுப்படியிலே மிஷின்: ஏனம் கழுவ எவ்வளவு கரண்ட்?

நெல்லை, பாளையங்கோட்டைப் பக்கம் மொட்டை மாடியில் வத்தல் காயப்போட இப்போது இடம் இல்லை. சோலார் தகடுகள் பிடித்துக்கொண்டு வருகின்றன!

2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த "பி.எம். சூர்ய கர்" திட்டத்தில் 3 கிலோவாட் போடும் வீட்டுக்கு 78 ஆயிரம் ரூபாய் மானியம். தகடு செய்கிற பெரிய தொழிற்சாலையே நம்ம கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு வந்துவிட்டது. டாடா நிறுவனத்தின் அந்தத் தொழிற்சாலையை 2025 பிப்ரவரி 6-ந்தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார்.

மாடியில் தகடு ஏறியதும் அடுப்படிக்கு ஒரு ஆசாமியைக் கூட்டிவரச் சொல்கிறார்கள். பாத்திரம் கழுவும் மிஷின்!

"நம்ம வீட்டுக் கரண்டுதானே, சும்மா ஓடட்டும்" என்பதுதான் பேச்சு.

சும்மா ஓடுமா?

தின்பது யார்?

மிஷினுக்குள்ளே தண்ணீரைச் சுழற்றி அடிக்கும் மோட்டார் பரம சாது. கரண்டைத் தின்கிற ஆசாமி அடியில் பதுங்கி இருக்கும் ஹீட்டர். சுமார் 2 கிலோவாட் இழுக்கும். தண்ணீரை 50 டிகிரி, 60 டிகிரி, எண்ணெய்ச் சட்டி என்றால் 70 டிகிரி வரை காய்ச்சிவிட்டுத்தான் ஓயும்.

ஒரு தடவை முழுசாக ஓடினால் 1 யூனிட்டுக்கு முன்னே பின்னே ஆகும். தினம் ஒரு தடவை என்றால் 2 மாதத்தில் 60 யூனிட். 2016-ல் ஜெயலலிதா ஆட்சியில் வந்த 100 யூனிட் இலவசம் நினைவிருக்கிறதா? அதில் பாதிக்கு மேல் ஏனம் கழுவியே தீர்ந்துவிடும்.

வெள்ளைக்காரன் கணக்கு

ஆனால் மிஷின் விற்பவர்கள் வேறு கதை சொல்வார்கள். "கையால் கழுவினால்தான் கரண்ட் அதிகம்" என்பார்கள்.

இது பொய் அல்ல. ஜெர்மனியில் பான் பல்கலைக்கழகத்தார் 7 நாட்டு ஆட்கள் 113 பேரை வரவழைத்து, 12 பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவச் சொன்னார்கள். கையால் கழுவ சராசரியாக 103 லிட்டர் தண்ணீரும் 2.5 யூனிட் கரண்டும் ஆனது. அன்றைய மிஷினுக்கு 15 முதல் 22 லிட்டர் தண்ணீர், 1 முதல் 2 யூனிட். மிஷின் ஜெயித்தது!

எப்படி? அங்கே குழாயைத் திறந்தால் பனிக்கட்டி மாதிரி தண்ணீர். காய்ச்சித்தான் கை வைக்க முடியும். அந்த 2.5 யூனிட் முழுக்கத் தண்ணீர் காய்ச்சிய செலவு.

டவுன் ரத வீதியில் யார் வெந்நீரில் ஏனம் கழுவுகிறார்கள்? சித்திரை மாதம் மத்தியானம் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் கையே சுடும். கறிச்சட்டியில் பிசுக்கு போகாவிட்டால் சோறு வடித்த கஞ்சியைச் சூட்டோடு ஊற்றி வைப்பார்கள். அதற்குத் தனியாகக் காசு இல்லை.

நெல்லைக் கணக்கு

கையால் கழுவ நமக்கு ஆகும் கரண்ட், தண்ணீரை மேலே ஏற்றும் கரண்ட் மட்டுமே.

100 லிட்டரை 30 அடி உயரத் தொட்டிக்கு ஏற்ற, மோட்டார் வீணடிப்பதையும் சேர்த்தால் ஒரு யூனிட்டில் நூறில் ஒரு பங்கு போதும். 200 அடி போரில் இருந்து ஏற்றினாலும் சுமார் 15-ல் ஒரு பங்குதான். தாமிரபரணி உறைகிணற்றில் இருந்து ஊருக்கு இறைக்கும் செலவு தனி. அதைச் சேர்த்தாலும் ஹீட்டர் பக்கத்தில் நெருங்காது.

ஆக, கரண்ட் மிச்சம் என்று சொல்லி நெல்லையில் மிஷின் விற்றால் நம்பவேண்டாம். ஜெர்மனிக்காரனுக்கு லாபம். நமக்குச் செலவு.

மிஷின் மிச்சம் பிடிப்பது தண்ணீரை. இப்போது வரும் மிஷின்களுக்கு 10 லிட்டர் அளவில் போதும். சிங்க் குழாயைத் திறந்து விட்டபடி கால்மணி நேரம் தேய்த்தால் 100 லிட்டர் சாக்கடைக்குப் போகும். லாரித் தண்ணீர் வாங்கும் தெருக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

அதற்கும் ஒரு வழி உண்டு. 2020-ல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குழாயை ஓடவிட்டுக் கழுவுவதைவிட மிஷின் மேல். மிஷினையும் விட மேல், இரண்டு தொட்டி வைத்து ஒன்றில் ஊறவைத்துத் தேய்த்து, இன்னொன்றில் பச்சைத் தண்ணீரில் அலசுவது! நம்ம ஆச்சிமார் புறவாசலில் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துக்கொண்டு இரண்டு வாளியில் செய்தது இதைத்தானே? முதல் வாளிக்கு வெந்நீர் கூட அவர்கள் கேட்கவில்லை.

சூரியன் எப்போது கைகொடுக்கும்?

நல்ல வெயிலில் 1 கிலோவாட் தகடு நாளுக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் 12 யூனிட். அதில் மிஷினுக்கு 1 போவது பெரிய விஷயம் அல்ல.

நேரம்தான் சிக்கல். எல்லாரும் சாப்பிட்டு எழுந்து ராத்திரி 9 மணிக்கு மிஷினைப் போடுகிறார்கள். அப்போது மாடியில் ஏது சூரியன்? ஹீட்டர் தின்பது ஈ.பி. லைன் கரண்ட். அது தூத்துக்குடி அனல்மின் நிலையத்து நிலக்கரியாகவும் இருக்கலாம், கூடங்குளமாகவும் இருக்கலாம்.

நெட் மீட்டர் வைத்த வீட்டில் பகலில் வெளியே போன யூனிட்டும் ராத்திரி உள்ளே வந்ததும் கழிக்கப்படும். அதனால் பில்லில் பெரிதாகத் தெரியாது. பேட்டரி வைத்தவர் பாடு வேறு. பேட்டரிக்குள் போய்த் திரும்பும்போதே கொஞ்சம் தேய்மானம். சின்ன இன்வெர்ட்டர் என்றால் 2 கிலோவாட் ஹீட்டரைத் தாங்காது.

1 கிலோவாட் மட்டும் போட்டவர் நட்ட நடு மத்தியானத்தில் ஓட்டினாலும் ஹீட்டர் எரிகிற நேரம் பாதிக்கு மேல் லைன் கரண்ட்தான் வரும்.

ராத்திரி ஏனத்தையும் காலை ஏனத்தையும் சேர்த்து அடுக்கி, 11 மணிக்கு மேல் ஓடவிடுவதே சரி. நேரம் குறித்து வைக்கும் வசதி பல மிஷின்களில் இருக்கிறது. "எக்கோ" பொத்தானைத் தட்டினால் மூணு மணி நேரம்கூட ஓடும். ஆனால் சூடு குறைவு, கரண்டும் குறைவு. கழுவி முடிந்ததும் கதவைத் திறந்து வைத்தால் நம்ம ஊர்க் காற்றிலேயே காய்ந்துவிடும்.

இன்னொரு விஷயம். லைனில் கரண்ட் போனால் பேட்டரி இல்லாத சோலாரும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் நிற்கும். கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேன் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

கை யாருடையது?

யூனிட் கணக்கில் வராத ஒன்று உண்டு. மூணு வேளையும் குனிந்து தேய்க்கும் கை. அந்தக் கை எந்த வீட்டிலும் பெரும்பாலும் பெண்ணுடைய கை. வேலைக்கும் போய் வந்து சிங்க் முன்னால் நிற்கும் பெண்ணுக்குத் தினம் ஒரு மணி நேரம் மிச்சமானால், ஒரு யூனிட் கரண்ட் வீண் என்று சொல்ல எந்த ஆம்பிளைக்கும் யோக்கியதை இல்லை.

2020 ஊரடங்கில் வீட்டு வேலைக்கு ஆள் வர முடியாமல் போனபோதுதான் நாடு முழுக்க இந்த மிஷின் விற்பனை சூடு பிடித்தது. அந்த ஆட்களும் தொழிலாளர்தான். தமிழ்நாட்டில் அவர்களுக்கு 2007-ல் நல வாரியமே அமைத்தார்கள். அவர் சம்பளத்தை நிறுத்தி மிஷின் தவணை கட்டலாம் என்று நினைக்கிறவர்கள், மிஷினுக்குத் தனி உப்பு, தனி சோப்பு வாங்கும் செலவையும் எழுதிப் பார்க்கட்டும். ஆற்றுத் தண்ணீர் வரும் தெருவில் உப்பு குறைவாகப் போகும். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் என்றால் அடிக்கடி போடவேண்டும். இல்லாவிட்டால் ஹீட்டரில் காரை பிடித்து அதுவே கூடுதல் கரண்டைத் தின்னும்.

இரும்புத் தோசைக்கல்லை மிஷினில் வைத்தால் பழக்கிய எண்ணெய் போய்த் துரு பிடிக்கும். ஈயச் சொம்பு, மண்சட்டி, பித்தளைக் குத்துவிளக்கு எதையும் வைக்கக் கூடாது. அலுமினியம் கறுத்துப்போகும். பொங்கலுக்கு இறக்கும் வெண்கலப் பானைக்கு உள்ளே இடமே கிடையாது. அதைப் புளி போட்டு விளக்க இன்றைக்கும் ஆள்தான் வேண்டும்.