மைதானத்து மாணவர்கள் – 7: பன்னிரண்டாம் எண்ணுக்குரியவர்

சென்ற வாரம் நாம் பார்த்த ஜோ பெல்லினோ, கல்லூரிக் கால்பந்தாட்டத்தின் தலைசிறந்த வீரருக்குரிய ஹெய்ஸ்மன் விருதென்னும் பெருங்கௌரவத்தோடு அன்னாபோலிஸ் கடற்படைக் கல்லூரியிலிருந்து விடைபெற்ற அதே 1961-ஆம் ஆண்டில், ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ரோஜர் ஸ்டாபாக் என்ற பத்தொன்பது வயது இளைஞர், நியூ மெக்சிகோ ராணுவப் பள்ளியில் ஓராண்டு பயின்றுவிட்டு, அக்கல்லூரியில் பிரவேசித்தார். முதல் வருஷத்து மாணவர்கள் கல்லூரியின் பிரதான அணியில் ஆடக் கூடாதென்பது அக்காலத்து நியதியாதலால், அவர் பொதுஜனங்களின் பார்வைக்கு வந்தது 1962-இல்தான்.

அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜமேனும் முன்னேறாத அணி பந்தை எதிரணியிடம் இழந்துவிடும். அந்த நான்கு முயற்சிகளிலும் பந்து முதலில் வந்து சேர்வது, ஸ்டாபாக் வகித்த ஸ்தானமான குவார்ட்டர்பேக்கின் கைக்கே. தூரத்தில் ஓடும் தோழனுக்கு எறிவதா, அருகில் நிற்பவனிடம் கொடுத்து ஓடவிடுவதா, தானே சுமந்து பாய்வதா என்பதை, எதிரணியின் பலவான்கள் தன்மீது விழுவதற்கு முன்னுள்ள இரண்டு மூன்று விநாடிகளில் அவன் நிச்சயித்தாக வேண்டும். மற்ற குவார்ட்டர்பேக்குகள் அந்த விநாடிகள் தீர்ந்ததும் பந்தோடு வீழ்ந்து போவார்கள். ஸ்டாபாக்கின் ஆட்டமோ அங்கிருந்துதான் ஆரம்பமாயிற்று. பாதுகாப்பு அரண் உடைந்தபின், பின்வாங்கியும் வளைந்தும் பிடிக்க வந்தவர்களைத் திணறவைத்து ஓடி, அந்த ஓட்டத்திலேயே ஒரு தோழனைக் கண்டுபிடித்து எறியும் ஆற்றல், பயிற்சியாளர் வேய்ன் ஹார்டின் வகுத்த எந்தத் திட்டத்திலும் எழுதப்படாதது. இதை வெறும் சாமர்த்தியமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கலக்கத்தின் நடுவே கலங்காதிருக்கும் சித்தம் அது.

1962 டிசம்பரில் ராணுவக் கல்லூரியான வெஸ்ட் பாயிண்டுடன் நடந்த வருஷாந்தரப் போட்டியைக் காண ஜனாதிபதி கென்னடி வந்திருந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் கடற்படையில் பணிபுரிந்தவராயினும், முப்படைகளுக்கும் தலைவரென்ற முறையில் பாதி ஆட்டத்தை ஒரு தரப்பிலும் மறுபாதியை எதிர்த்தரப்பிலும் அமர்ந்து அவர் பார்க்க, கடற்படை 34-14 என்று வென்றது.

மறு வருஷம் ஸ்டாபாக்கின் கீர்த்தி உச்சத்தை எட்டியது. டல்லஸ் நகரில் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்திடம் 32-28 என்ற கணக்கில் அடைந்த ஒரேயொரு தோல்வி நீங்கலாக, அந்தப் பருவத்து வழக்கமான ஆட்டங்களையெல்லாம் வென்று, கடற்படை தேசத்தில் இரண்டாம் ஸ்தானத்தை அடைந்தது. 'லைஃப்' பத்திரிகை தன் அட்டையில் அவருடைய படத்தைப் போடச் சித்தமாயிருந்தது. நவம்பர் 22-ஆம் தேதி அதே டல்லஸில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அட்டை மாற்றப்பட்டது, ஜனாதிபதியின் முகம் அங்கே இடம்பெற்றது. துக்கம் ஆறாத அந்நாட்களிலேயே, ஹெய்ஸ்மன் விருது ஸ்டாபாக்குக்கு என்ற அறிவிப்பும் வெளியாயிற்று. இருபத்தொரு வயது வாலிபனுக்கு அதைவிடப் பெரிய கௌரவம் அத்தேசத்தில் இல்லை. ஆயினும் அதைக் கொண்டாடும் மனம் அன்று யாருக்கு இருந்திருக்கும்!

வெஸ்ட் பாயிண்டுடனான ஆட்டத்தை அவ்வருஷம் கைவிட்டுவிடலாம் என்ற யோசனை எழுந்தபோது, அது நடக்கட்டுமென்று விரும்பியவர் கென்னடியின் மனைவி ஜாக்குலினே. ஒரு வாரம் ஒத்திவைக்கப்பட்டு, டிசம்பர் 7-ஆம் தேதி பிலடெல்பியாவில் லட்சம் பேர் முன்னிலையில் அது நடந்தது. பாட் டோனலி மூன்று முறை எல்லைக்கோட்டைக் கடக்க, கடற்படை 21-7 என்று முன்னணியில் நின்றது. பிறகு, ராணுவ அணியின் குவார்ட்டர்பேக்கான ராலி ஸ்டிச்வே தாமே பந்தோடு பாய்ந்து ஓர் இலக்கை எட்டி, கூடுதல் இரண்டு புள்ளிகளையும் சேர்த்தார். தொலைக்காட்சியில் நடந்த காட்சியை உடனே மறுமுறை காட்டும் வழக்கம் ஆரம்பமானது அவருடைய அந்தப் பாய்ச்சலில்தான். அடுத்த உதையிலும் பந்தை ராணுவமே கைப்பற்றி, கடற்படையின் எல்லைக்கு இரண்டே கஜம் வரை வந்துவிட்டது. தம் குரல் தோழர்களுக்குக் கேட்காத அளவுக்கு ஜனங்களின் ஆரவாரம் மிகுந்திருக்க, ஸ்டிச்வே நடுவரிடம் முறையிட்டுக்கொண்டிருக்கையில், கடைசி முயற்சிக்குப் பந்து நகருமுன்பே நேரம் தீர்ந்துபோயிற்று. 21-15. அந்தக் கடைசி நிமிஷங்களில் ஹெய்ஸ்மன் வீரர் மைதானத்துக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பந்து எதிரியிடமிருக்கும்போது எத்தகைய குவார்ட்டர்பேக்கும் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அந்த மைதானத்துக்கு மறு வருஷம் கென்னடியின் பெயரே சூட்டப்பட்டது.

1964 புத்தாண்டு தினத்தில், மீண்டும் டல்லஸிலேயே நடந்த காட்டன் பவுல் என்னும் பருவ இறுதிச் சிறப்பாட்டத்தில், முதல் ஸ்தானத்திலிருந்த டெக்சஸ் பல்கலைக்கழகம் கடற்படையை 28-6 என்று தோற்கடித்தது. கல்லூரியில் ஸ்டாபாக்கின் கடைசி வருஷம் காயத்தால் குலைந்தது. அணி மூன்றே வெற்றிகளோடு முடித்து, ராணுவத்திடமும் 11-8 என்று தோற்றது. ஆனாலும் 1965-இல் அவர் பட்டம் பெற்றபோது, அவர் அணிந்த பன்னிரண்டாம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று கல்லூரி தீர்மானித்தது.

டல்லஸ் கவ்பாய்ஸ் என்னும் தொழில்முறை அணி அதற்கு முன்பே, பத்தாவது சுற்றில், அவரைத் தெரிந்தெடுத்திருந்தது. விருது பெற்ற வீரரை அவ்வளவு பின்னால் தேர்ந்ததற்குக் காரணம், அவர் நான்கு வருஷம் கடற்படைக்குக் கடமைப்பட்டவர் என்பதே. நிறங்களைப் பிரித்தறிவதில் அவருடைய கண்களுக்கிருந்த குறையால், போர்க்கப்பலை நடத்தும் அதிகாரியாகும் வழி அடைபட்டது. சரக்கு வழங்கும் பிரிவில் அதிகாரியானார். தேசமெங்கும் பெயர் தெரிந்த அந்த இளைஞர், கையின் வேகம் முற்றியிருந்த வயதில், தென் வியட்நாமின் சூலாயில் ஓராண்டு காலம், துருப்புகளுக்கு வேண்டிய பண்டங்கள் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்கின்றனவா என்று கவனித்துக்கொண்டிருந்தார். இந்த நான்கு வருஷங்களை அவர் வாழ்க்கையின் நஷ்டக் கணக்கில் எழுதுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. கல்லூரியில் சேரும்போதே இதற்குச் சம்மதித்தவர் அவர், புகழ் வந்தபின் அந்தச் சம்மதத்தைத் திரும்பக் கேட்கவில்லை. கடற்படைப் பணி முடிந்து 1969-இல் டல்லஸ் அணியில் அவர் சேர்ந்தபோது வயது இருபத்தேழு. அவ்வணியில் அவருக்கு முன்னதாகக் குவார்ட்டர்பேக் ஸ்தானத்துக்குக் காத்திருந்த கிரெய்க் மார்ட்டனைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)