வயிறு கரையணும், தோள் கரையக் கூடாது

மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ குறைத்தேன். ரவுண்டு ரோட்டில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம், "என்ன சார், சுகரா?" என்று கேட்டார்கள். கன்னம் ஒட்டி, சட்டைக் காலர் தொளதொளத்து, கை இரண்டும் குச்சியாகியிருந்தன. வயிறு மட்டும் பெல்ட்டுக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் ஒரு கரண்டி ரசம் சாதம், ராத்திரி இரண்டு கொய்யாப்பழம். சாயங்காலம் திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு மணி நேர நடை. இதைத்தான் டயட் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அது தப்பு என்று எனக்குப் புரியவைத்தது காஸ் சிலிண்டர். நிறை சிலிண்டர் முப்பது கிலோ இருக்கும். வாசலிலிருந்து அடுப்படிக்கு வருஷக்கணக்காக நான்தான் தூக்கி வைப்பேன். அன்றைக்கு இரண்டாவது படியிலேயே கை நடுங்கி, சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையன் வந்து தூக்கி வைத்தான்.

பட்டினி கிடக்கும்போது உடம்பு கொழுப்பை மட்டும் எடுத்துச் செலவழிப்பதில்லை. தசைக்கு வேலை கொடுக்காமல் வெறுமனே சாப்பாட்டைக் குறைத்து இளைத்தால், இறங்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத சதையாக இருக்கும். அவசரப்பட்டு இளைத்தாலும், புரதம் குறைந்தாலும் அந்தப் பங்கு இன்னும் ஏறும். தோற்றம் வாடுவதுகூடச் சின்ன விஷயம்தான். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும் பகுதியை இன்சுலின் கொண்டுபோய்ச் சேர்க்கிற கிடங்கே தசைதான். கிடங்கு சுருங்கினால் சரக்கு தெருவில் நிற்கும்.

நம்மவர்களுக்கு இந்தக் கிடங்கு முதலிலேயே சிறியது. 2004ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் அடுத்தடுத்து வெளியானது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே: 22.3. உடம்பிலிருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு இருவருமே ஒல்லி! வெள்ளைக்காரர்களுக்கு 25க்கு மேல்தான் அதிக எடை என்றால், நமக்கு 23லேயே எச்சரிக்கை வைத்திருப்பதும், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது என்பதும் இதனால்தான். காலையில் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். மெலிந்த கால், மெலிந்த கை, நடுவில் தொப்பை என்று எத்தனை பேர் கடந்து போகிறார்கள்! இவர்களில் பலரை எடை மெஷின் 'நார்மல்' என்றே சொல்லும்.

சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023ல் வந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அதே ஆய்வின் சாப்பாட்டுக் கணக்கு 2025ல் வெளியானது. நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து வருவது சுமார் 12 சதவீதம்தான்.

டயட்டுக்கு முந்தைய என் சாப்பாட்டை எழுதிக் கூட்டிப் பார்த்தேன். காலையில் ஐந்து இட்லி, மதியம் குவித்த சாதத்தில் சாம்பார், ரசம், மோர், நாலு மணிக்கு வடையும் டீயும், ராத்திரி மூன்று தோசை. வயிறு முட்டச் சாப்பிட்டும் புரதம் 50 கிராம் பக்கம்தான் வந்தது. உடல் இளைக்கும் காலத்தில் தசையைக் காப்பாற்ற, கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் வேண்டும். 70 கிலோ ஆளுக்கு அது 84 முதல் 112 கிராம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 40 இளைஞர்களுக்குச் சாப்பாட்டைப் பலமாகக் குறைத்து, நாலு வாரம் கடுமையான பயிற்சி கொடுத்தார்கள். கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் சாப்பிட்ட குழு 3.5 கிலோ கொழுப்பை இழந்தும் தசையை விடவில்லை. 2.4 கிராம் சாப்பிட்ட குழு 4.8 கிலோ கொழுப்பை இழந்து, கொழுப்பல்லாத எடையில் 1.2 கிலோ கூடியது. 2016ல் வந்த ஆய்வு இது. அத்தனை புரதம் நமக்கு வேண்டியதில்லை, பாதி போதும். ஆனால் அந்தப் பாதியே நம் இலையில் இல்லை.

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பிரியாணியை ஒதுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டன் பிரியாணி பார்சலைப் பிரித்து, கறியைத் தனியாக எடுத்து வைத்தேன். சீரகச் சம்பா தட்டு நிறைய மலையாகக் கிடந்தது. துண்டு நாலு. எலும்பைக் கழித்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும் கறி. அதிலிருந்து அரை பிளேட் பிரியாணி, ஒரு சுக்கா, இரண்டு அவித்த முட்டை என்று மாற்றிக்கொண்டேன். தால்சாவையும் ஒதுக்குவதில்லை, அதில் பருப்பு இருக்கிறது. ருசியில் ஒரு குறையும் தெரியவில்லை.

கறி சாப்பிடாதவர்களுக்கும் வழி உண்டு. ஐம்பது கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் பத்து கிராம் புரதம். மீல்மேக்கர் காய்ந்த நிலையில் பாதிக்குமேல் புரதம்தான். 25 கிராம் போட்டுக் குழம்பு வைத்தாலே 13 கிராம் கிடைக்கும். கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்று நம் ஊரில் கொள்ளு ரசம் குடிக்கிறோம். கரைக்கிற மந்திரம் எதுவும் அதில் கிடையாது. நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதமும், பசியை அடக்கும் நாரும் இருப்பதுதான் அதன் பலம். அந்த இரண்டும் வெந்த பயற்றில் இருக்கின்றன. தெளிந்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் பயற்றை மாட்டுக்கு வைத்தால், புஷ்டியாவது மாடுதான். டப்பாவில் வரும் புரதப் பவுடர் வாங்கிக் கடன்படவும் வேண்டாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 வழிகாட்டுதலில் அதைத் தவிர்க்கவே சொல்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் சாதத்தைக் குறைக்கும் முன்பு டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

சாப்பாடு மட்டும் போதாது. இந்தத் தசை தேவைப்படுகிறது என்று உடம்புக்குத் தகவல் போக வேண்டும், அது பளு தூக்கினால்தான் போகும். நடை இதயத்துக்கு நல்லது, விடக் கூடாது. ஆனால் தோளுக்கும் முதுகுக்கும் அதில் வேலை கிடையாது. தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் இருந்ததே, நினைவிருக்கிறதா? உருண்டைக் கல்லை முதலில் முழங்காலுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்குத் தூக்கிப் பின்னால் போடுவார்கள். எடுத்த எடுப்பில் யாரும் பெரிய கல்லைத் தூக்கிவிட முடியாது. சின்னதில் பழகி, கை சொன்னபடி கேட்ட பிறகுதான் அடுத்தது. இன்றைய ஜிம் பயிற்சியின் அடிப்படை விதியும் அதுதான்.

நான் ஜிம்மில் சேரவில்லை. வாரம் மூன்று நாள், நாற்பது நிமிஷம். பஸ்கி, சுவரில் தொடங்கித் தரைக்கு வந்த தண்டால், பையில் அரிசியைக் கட்டிக் குனிந்து இழுப்பது, வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் வருவது. ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை. கடைசி இரண்டு தடவை சிரமப்பட வேண்டும். சிரமம் போய்விட்டால் அரிசியைக் கூட்டுவேன்.

தூக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வேடசந்தூர் பக்கம் மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கும் நண்பர், என்னைவிடக் கட்டுப்பாடாகச் சாப்பிட்டும் தொப்பை அசையவில்லை என்கிறார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் 2010 ஆய்வைப் படித்தபோது அவர்தான் நினைவுக்கு வந்தார். ஒரே அளவு சாப்பாட்டில் எட்டரை மணி நேரம் படுக்கையில் இருந்தபோது கரைந்த கொழுப்போடு பார்த்தால், ஐந்தரை மணி நேரமாகக் குறைத்தபோது கரைந்தது பாதிக்கும் கீழே. எடை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இறங்கியது; தூக்கம் கெட்டபோது போனதில் தசைப் பங்கு அதிகம். பத்தே பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் ஷிப்ட் முடிந்து வந்தவரை வீட்டில் பகலில் தூங்க விடுவதும் சிகிச்சையில் சேர்த்திதான் என்பேன்.

எடை மெஷினில் ஏறுவதைக் குறைத்துவிட்டேன். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் கவனித்து 2006ல் முடிவை வெளியிட்டது. சாப்பாட்டையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது, எடை பெரிதாக இறங்காமலே! எனக்கு இப்போது ஒரு சணல் கயிறு போதும். மாதம் ஒரு தடவை தொப்புளைச் சுற்றி அளந்து முடிச்சுப் போடுகிறேன். ஏழு மாதத்தில் எடை நாலு கிலோ ஏறியது, முடிச்சு நாலு விரல் உள்ளே வந்திருக்கிறது.

என்னைவிட இது அவசியமாக இருந்தது அம்மாவுக்கு. வயது அறுபத்தெட்டு. வயதானால் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும் என்று ராத்திரியில் ஒரு கை தயிர் சாதத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தார். நாற்காலியிலிருந்து எழ, இரண்டு கையையும் ஊன்றி, "முருகா" என்பார். இப்போது காலையில் ஒரு முட்டை, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல். தினமும் நாற்காலியில் பத்துத் தடவை உட்கார்ந்து எழுகிறார், கையைக் கட்டிக்கொண்டு. முருகனை இன்னமும் கூப்பிடுகிறார், பத்தாவது தடவையில் மட்டும்.