ஒற்றைச் சுரத்தின் வலிமை

பியானோவில் ஒரே நேரத்தில் பல சுரங்களை எழுப்பலாம். புல்லாங்குழலிலும் நாகசுரத்திலும் ஒரு நேரத்தில் ஒரு சுரமே பிறக்கும். 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவான ‘மினிமோக்’ என்னும் சிந்தசைசரும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே. ராபர்ட் மோக்கின் நிறுவனம் தயாரித்த இந்த மின்னிசைக் கருவியில் 44 கட்டைகள் இருந்தன. ஆனால், இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினாலும் அவற்றுள் தாழ்ந்த சுரம் மட்டுமே ஒலித்தது.

இது ஒரு குறைபாடாகத் தோன்றலாம். ஆயினும், இதனால் இரண்டு நன்மைகள் கிடைத்தன. முதலாவதாக, பாடகரின் குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்கு இழைந்து செல்வதைப் போல, இக்கருவியின் ஒலியையும் இழையச் செய்ய முடிந்தது. இரண்டாவதாக, கருவியின் முழு ஆற்றலும் ஒரே சுரத்தில் குவிந்தது.

சிந்தசைசரில் ஒலிக்கு அடிப்படையான மின்னலைகளை உருவாக்கும் பகுதியை ‘ஆஸிலேட்டர்’ என்பர். மினிமோக்கில் மூன்று ஆஸிலேட்டர்கள் உள்ளன. ஒரு கட்டையை அழுத்தினால், மூன்றையும் ஒருசேர ஒலிக்கச் செய்யலாம். அவை மிகத் துல்லியமாக ஒத்திருந்தால், ஒலி அசைவின்றித் தட்டையாக இருக்கும். எனவே, இசைக்கலைஞர்கள் அவற்றுள் ஒன்றின் சுருதியைச் சற்றே விலக்கி வைப்பர்.

எடுத்துக்காட்டாக, ஓர் ஆஸிலேட்டர் விநாடிக்கு 440 முறையும் மற்றொன்று 442 முறையும் அதிர்வதாகக் கொள்வோம. இரண்டு அலைகளும் சில கணங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்தும். சில கணங்களில் ஒன்றையொன்று தணிக்கும். இதனால், ஒலி விநாடிக்கு இருமுறை ஓங்கித் தாழும். இதனை இயற்பியலில் ‘விம்மல்’ என்பர். பலர் சேர்ந்து பாடும்போது குரல்கள் முழுமையாக ஒத்துப்போவதில்லை. அதனால்தான் குழுப்பாடல் செறிவாக ஒலிக்கிறது. சிந்தசைசரிலும் அவ்வாறே நிகழ்கிறது. ஆனால், இடைவெளி அளவுக்கு மீறினால் செறிவு மறைந்து, சுருதி பிசகியதாகவே தோன்றும்.

தொடக்கக் கால மினிமோக் கருவிகளில், வெப்பநிலை மாறும்போது ஆஸிலேட்டர்களின் சுருதி தானாகவே விலகியது. கலைஞர்கள் அதனை அடிக்கடிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. தற்செயலாக நேரும் விலகல் தொல்லையானது; காதால் அளந்து வைக்கும் விலகலோ கலையானது. ‘பார்லியமென்ட்’ குழுவின் ‘ஃபிளாஷ் லைட்’ பாடலில் கனத்து ஒலிக்கும் தாழ்சுரப் பகுதியை, பெர்னி வொரெல் மினிமோக்கில்தான் வாசித்தார்.

1978ஆம் ஆண்டில் ‘புரொஃபெட்-5’ என்னும் சிந்தசைசர் வெளிவந்தது. அதில் ஐந்து சுரங்களை ஒருங்கே வாசிக்கலாம். ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ஆஸிலேட்டர்கள் உண்டு. ஆயினும், பத்து ஆஸிலேட்டர்களையும் ஒரே சுரத்திற்கு இணைக்கும் ‘யூனிசன்’ என்னும் விசையையும் அதில் அமைத்திருந்தனர். பல சுரங்களை எழுப்பும் வசதி வந்த பின்னரும் ஒற்றைச் சுரத்தின் தேவை குறையவில்லை என்பதற்கு அந்த விசையே சான்றாகும்.